கை ஓடாத நாட்கள்: கோத்தகிரியிலிருந்து சில பதில்கள்

எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் கூடும். சென்ற கூட்டத்தில் ஒருவர், "எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, தியானம் உதவுமா?" என்று தொடங்கினார். தேநீர் ஆறி, வர்க்கி தீர்ந்த பிறகும் பேச்சு முடியவில்லை. கேள்விகளைச் சீட்டில் எழுதித் தாருங்கள், நிதானமாகப் பதில் எழுதுகிறேன் என்றேன். முப்பது ஆண்டுகளாகச் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். பதினைந்து ஆண்டுகளாகக் காலையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்கிறேன். எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். ஒரே மாதிரியான சீட்டுகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, மூன்று மாதமாக ஒரு கவிதையும் வரவில்லை. தியானம் செய்தால் கற்பனை ஊறுமா?
(கல்லூரி மாணவர், கூடலூர்)

ஊறாது, தம்பி. அந்த எதிர்பார்ப்போடு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் எரிச்சல்தான் ஊறும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் எனக்கும் கை நின்றுபோனது. ஒரு யானைக் கதைக்கு 24 படங்கள் வரைய வேண்டும். முதல் பக்கத்து யானையின் கண்ணே வரவில்லை. பென்சில் சீவுவேன். மேசையைத் துடைப்பேன். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போவேன், அடுப்பு பற்றவைத்திருக்கவே மாட்டார்கள். ஒரு நாள் கடிகாரத்தை எதிரில் வைத்துக் கவனித்தேன். உட்கார்ந்த ஆறாவது ஏழாவது நிமிடத்தில் தவறாமல் எழுந்துவிடுகிறேன். அந்த நேரத்தில் அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்த்தேன். கோடு வராமல் இல்லை. வந்த கோட்டைப் பார்த்தவுடன், "இது போன வருஷத்து யானைதானே?" என்று உள்ளே ஒருவர் கேட்கிறார். வயிற்றில் சுருக்கென்கிறது. அதைத் தாங்க மாட்டாமல் பாலைப் பார்க்கப் போகிறேன்.

தியானம் உதவுவது இந்த இடத்தில்தான். மூச்சை எண்ணிக்கொண்டு உட்காரும்போதும் அதே சுருக் வரும், எழுந்துவிடலாம் என்று கால் பரபரக்கும். அங்கே கெடுவுத் தேதி இல்லை, வெள்ளைத் தாள் இல்லை. அதனால் எழாமல் இருந்து பார்க்க முடியும். வந்தது கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடும். இப்படி ஐம்பது முறை பார்த்த பிறகு, மேசையில் அது வரும்போது தெரிந்த முகமாகிவிடும். நீங்கள் மூன்று மாதமாக எழுதவில்லை என்கிறீர்கள். அதில் எத்தனை நாள் அரை மணி நேரம் தொடர்ந்து தாளின் முன் இருந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை உங்களுக்கே தெரிந்தால் போதும், எனக்குச் சொல்ல வேண்டாம்.

தம்பி, எனக்கு முழங்கால் மடங்காது. நாற்காலியில் உட்காரலாமா? எத்தனை நிமிடம்? கண்ணை மூட வேண்டுமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, குன்னூர்)

தாராளமாக நாற்காலியில் உட்காருங்கள், அம்மா. முதுகைச் சாய்க்காமல், பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்கார வேண்டும். நம் ஊர்த் தரை ஐஸ் கட்டி, அதனால் காலடியில் ஒரு சாக்கோ பழைய கம்பளியோ போட்டுக்கொள்ளுங்கள். தலைக்குக் குல்லாவும் தோளுக்குச் சால்வையும் இருக்கட்டும். குளிரில் நடுங்கிக்கொண்டே உட்கார்வதில் தவம் ஒன்றும் கூடுதலாகச் சேர்வதில்லை.

மூச்சு வெளியே போகும்போது ஒன்று. அடுத்தது போகும்போது இரண்டு. பத்து வரை எண்ணி மறுபடி ஒன்றுக்கு வர வேண்டும். நடுவில் எண்ணிக்கை தவறினால், எங்கே விட்டோம் என்று தேடாமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். முதல் மாதம் முழுக்க நான் ஏழைத் தாண்டியதில்லை. பிறகு ஒரு நாள் பத்தில் நிற்கவே மறந்து முப்பத்திரண்டு வரை போய், மின்கட்டணம் கட்டவில்லை என்ற நினைப்பில்தான் விழித்தேன். மனம் ஓடிப்போனது தெரியவரும் அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனையும். ஓடியதற்காகத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். கண்ணை முழுக்க மூடினால் எனக்குத் தூக்கம் வருகிறது. ஜென் என்னும் பௌத்த தியான முறையில் கண்ணைப் பாதி திறந்து, பார்வையைத் தாழ்த்தித் தரையில் விடுவார்கள். எனக்கு அதுதான் ஒத்துவந்தது. பழனி மலைப் பக்கம் போனால், கொடைக்கானலுக்குச் சற்று முன் பெருமாள்மலையில் போதி ஸெண்டோ இருக்கிறது. இயேசு சபைத் துறவியான அமா சாமி 1996-இல் தொடங்கிய ஜென் மையம். அங்கே உட்கார்வதோடு தோட்டவேலை போன்ற உடலுழைப்பும் பயிற்சியில் சேர்த்தி. உட்கார்வதைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பகுதிதான்.

இன்னொன்று. விடிகாலைக் காற்று நல்லது என்று வாசல் திண்ணையில் உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன். எண்ணிக்கை நான்கில் இருந்தபோது தேயிலைச் செடிகளுக்கு நடுவே பத்தடி தள்ளி ஒரு காட்டுமாடு பெருமூச்சு விட்டது. அன்று ஐந்து வரவில்லை.

திருமந்திரத்தில் உள்ளபடி 16, 64, 32 கணக்கில் மூச்சை அடக்கிச் செய்யலாமா?
(பெயர் போடாத சீட்டு)

மூச்சை 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விடும் கணக்கு அது. மாத்திரை என்பது கண் இமைக்கும் அளவு நேரம். குருவின் எதிரில் ஆண்டுக்கணக்கில் பழகியவர்களுக்கு உரியது. எழுத்து வரவில்லை என்பதற்காக அதைப் புத்தகம் பார்த்துச் செய்யாதீர்கள், அதுவும் இரத்த அழுத்தம் இருந்தால் வேண்டவே வேண்டாம். நான் சொல்வதில் மூச்சை அடக்குவதே இல்லை. அது போகிறபடி போகட்டும், நாம் கூட நடக்கிறோம்.

உட்கார்ந்திருக்கும்போது அருமையான யோசனைகள் வருகின்றன. எழுந்து குறித்துவைக்கலாமா, விட்டுவிடுவதா?
(புகைப்படக்காரர், உதகை)

ஓர் ஆண்டு முழுவதும் நான் குறித்துவைத்தேன். பக்கத்திலேயே நோட்டு, பென்சில். அதைப் பிறகு எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கத்தில் "யானை, கதவு, நீலம்!!" என்று இருக்கிறது. இரண்டு ஆச்சரியக்குறி வேறு. இன்றுவரை பொருள் விளங்கவில்லை.

இப்போது விட்டுவிடுகிறேன். தேறும் யோசனை மணி அடித்த பிறகும் இருக்கும். நோட்டு பக்கத்தில் இருந்தால் தியானம் யோசனை பிடிக்கும் தூண்டிலாகிவிடுகிறது, அப்புறம் மீன் வராத நாள் எல்லாம் வீண் நாள் ஆகிவிடும்.

உங்கள் கேள்வியை ஒட்டி ஓர் ஆய்வு உண்டு. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் கொல்சாட்டோ குழுவினர் 2012-இல் வெளியிட்டது. ஒன்றிலேயே கவனத்தை நிறுத்தும் தியானத்தையும், வருவதையெல்லாம் வந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும் தியானத்தையும் ஒப்பிட்டார்கள். ஒரு பொருளுக்குப் பல பயன்களை யோசித்துச் சொல்லும் சோதனையில் இரண்டாவது வகைக்குப் பிறகுதான் தேர்ச்சி கூடியது. சிறிய ஆய்வு, அதை வைத்துக் கோயில் கட்ட வேண்டாம். ஆனால் என் அனுபவமும் அதையே சொல்கிறது. எனவே கடைசி இரண்டு மூன்று நிமிடம் எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கிறேன். பக்கத்து வீட்டுச் சேவல், தொழிற்சாலைச் சத்தம், சிலிண்டர் வண்டி எல்லாம் வந்து போகும்.

வேலை, இரண்டு பிள்ளைகள், மாமியாருக்கு மருந்து எல்லாம் போக இரவில் முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. அதிலும் பாதி கைப்பேசியில் போய்விடுகிறது. என்ன செய்யட்டும், அண்ணா?
(சிறுகதை எழுதுபவர், அரவேணு)

முதலில், முக்கால் மணி நேரம் சின்ன நேரம் இல்லை, தங்கச்சி. நாள் முழுக்க வீட்டில் இருக்கும் நானே உருப்படியாக வரைவது இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம்.

கைப்பேசியை அமைதியில் போட்டு மேசையில் கவிழ்த்துவைப்பது ஏமாற்று வேலை. கவிழ்ந்து கிடந்தாலும் அது கூப்பிடும். நான் சமையலறையில் அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிடுகிறேன். எடுக்கப் போனால் மனைவி, "என்ன, உலை வைக்கப் போகிறீர்களா?" என்பாள். அந்த வெட்கம் நன்றாக வேலை செய்கிறது.

அடுத்து, உட்காரும் முன் கையால் செய்யும் ஒரு சின்ன வேலை. எனக்குத் தூரிகைகளைக் கழுவித் துணியில் ஒற்றுவது. தண்ணீர் விரலில் சில்லென்று படுவதையும் மயிர் கூர்மையாகச் சேர்வதையும் பார்த்துக்கொண்டே செய்வேன், வேறு எதையும் யோசிக்காமல். மூன்று நிமிடம். நீங்கள் பேனாவில் மை நிரப்பலாம். அதுவும் தியானம்தான், தனியாக நேரம் கேட்காத தியானம்.

பிறகு 25 நிமிடத்துக்கு அலாரம். 1980-களின் இறுதியில் இத்தாலிய மாணவர் பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு தொடங்கிய வழக்கம் அது. அந்த 25 நிமிடமும் எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை, வேறு எதையும் செய்யக் கூடாது, அவ்வளவுதான். எழுதாமல் உட்கார்ந்திருக்கலாம். நான்கு நாள் உட்கார்ந்தால் ஐந்தாம் நாள் அலுத்துப்போயாவது எழுதிவிடுவீர்கள்.

முடிக்கும்போது பத்தியை முடிக்காமல், அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே பாதி வாக்கியத்தில் நிறுத்துங்கள். மறுநாள் வெள்ளைத் தாளில் தொடங்க வேண்டியிருக்காது. பாத்திரம் கழுவும்போது மீதி வாக்கியம் தானாக வந்து நிற்கும்.

காலையில் பஸ் நிறுத்தம் வரை நடப்பீர்கள் அல்லவா? காதில் எதையும் மாட்டாமல் நடங்கள். நடப்பது யோசனைகளைப் பெருக்குகிறது என்று ஸ்டான்ஃபோர்டில் ஓப்பெஸோவும் ஷ்வார்ட்ஸும் 2014-இல் காட்டினார்கள். வெளியேதான் நடக்க வேண்டும் என்றுகூட இல்லை, சுவரைப் பார்த்தபடி இயந்திரத்தின் மேல் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. மலைச் சரிவில் நடக்கும் நமக்கு என்ன குறை?

பத்து ஆண்டுகளாகத் துணிக்கு வடிவமைக்கிறேன். கை ஓடாமல் இல்லை, ஓடியதிலேயே ஓடுகிறது. செய்ததையே செய்கிறேன்.
(உதகை)

மற்ற கேள்விகளைவிட இதுதான் எனக்குக் கடினம்.

நம் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்கள் துணியில் தைக்கும் பூ வேலையைப் பார்த்திருப்பீர்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கருப்பும்தான். துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை, நூலிழைகளை எண்ணியே தைக்கிறார்கள். அவர்கள் குடியிருப்பான ஒரு மந்தில் வயதான அம்மா ஒருவர் தைப்பதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி நுனியால் இழைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணி, குத்தி, இழுத்து, கட்டைவிரல் நகத்தால் தையலை நீவிவிட்டு, மறுபடி எண்ணினார். பாட்டியும் அவர் பாட்டியும் தைத்த அதே வடிவம். சலிப்பாக இல்லையா என்று கேட்க நினைத்தேன், அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். திரும்பச் செய்வது குற்றம் இல்லை. இழையை எண்ணாமல் செய்வதுதான் சலிப்பு. ஒரு வாரம் உங்கள் பழைய வடிவம் ஒன்றையே எடுத்துப் பாதி வேகத்தில் செய்து பாருங்கள். எந்த இடத்தில் கை தானாக ஓடுகிறது என்று தெரியும். மாற்ற வேண்டியது அந்த இடத்தில் இருக்கும்.

அதற்கும் அசையவில்லை என்றால் கவாத்துதான். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை வெட்டிவிடுகிறோம், வெறும் குச்சியாக நிற்கும், சில மாதம் கொழுந்து கிடையாது. பச்சைத்தேயிலை விலை நன்றாக இருக்கும் ஆண்டில் கவாத்து செய்ய யாருக்கும் மனம் வராது. உங்களுக்கும் வராது. ஆனால் வெட்டாத செடி உயரமாக வளர்ந்து, பறிக்கும் கைக்கு எட்டாமல் போகும்.

எழுத்து மட்டும் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை. ஆறு மாதமாகத் தூக்கம் இல்லை. தியானத்தில் உட்கார்ந்தால் பயம் அதிகமாகிறது.
(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

இதைப் படைப்புத் தேக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். தியானத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். சிலருக்குக் கண்ணை மூடித் தனியே உட்கார்வது பாரத்தைக் கூட்டும், அது உங்கள் தவறு இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். போக்குவரத்து சிரமம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இன்றே பேசுங்கள். அடுத்த கூட்டத்துக்கும் வாருங்கள், எழுதியது எதையும் கொண்டுவர வேண்டியதில்லை.

என் அப்பா முப்பது வருஷமாகத் தோட்ட வேலை செய்கிறார். அவருக்கு இந்தத் தேக்கம் எல்லாம் வருவதில்லையே? இது வசதியானவர்களின் நோயா?
(தட்டச்சு செய்த சீட்டு, கோபத்தோடு)

கோபம் நியாயமானது. என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். அந்த மார்கழியில், யானையின் கண் வராமல் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த என்னிடம் அவர் கேட்டதும் ஏறக்குறைய இதுவே. "உங்களுக்குக் கை ஓடாத நாளே கிடையாதா?" என்று திருப்பிக் கேட்டேன். "பனி விழுந்து கருகினால் பறிக்க என்ன இருக்கும்? அப்போது களை எடுப்போம்" என்றார். சொல்லிவிட்டுக் களைக்கொத்தை என் கையில் கொடுத்து, ஓடை ஓரத்து வரிசைகள் பாக்கி என்றார்.

மாலைவரை மூன்று வரிசை முடித்தேன். இடுப்பு விட்டுப்போனது. மறுநாளும் கண் வரவில்லை, காதை வரைந்தேன்.