மிளகாய்க்கு பேசில்லஸ் போடலாமா? அடைப்பான் பயமும் உவர் மண்ணும்

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி அம்மா கேட்டிருக்கிறார். ஒன்றரை ஏக்கரில் மானாவாரி முண்டு மிளகாய். போன வருஷம் முளைத்த கன்றில் பாதி தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டது, தப்பியதில் காய் அழுகல். உரக்கடையில் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா கலந்த பொடியைக் கொடுத்து, "அழுகலும் நிற்கும், மண்ணில் இருக்கிற உப்பையும் எடுத்துவிடும்" என்றிருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகனோ, "அத்தை, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமியும் பேசில்லஸ்தான், டெட்டனஸும் மண்ணில் ஸ்போராகத்தான் கிடக்கும், இதைக் காசு கொடுத்து வாங்கிப் போடுறீங்களே" என்று பயமுறுத்திவிட்டான். வீட்டில் வெள்ளாடுகள் நிற்கின்றன, பேரப்பிள்ளை செருப்பில்லாமல் திரிகிறான், இளைய மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். போடலாமா, வேண்டாமா?

போடுங்கள் அம்மா. ஆனால் அது உப்பை எடுக்காது. உங்கள் அண்ணன் மகன் சொன்னதில் ஒரு பாதி சரி. அந்தப் பாதி இந்தப் பொடிக்குப் பொருந்தாது. உங்கள் ஆட்டுக்கொட்டிலுக்கும் பிள்ளைகளின் காலுக்கும் பொருந்தும். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஸ்போர் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்களுக்கு இரை தீர்ந்துபோனால், சில மணி நேரத்துக்குள் தன் உயிர்ச் சரக்கை மட்டும் தடித்த உறைகளுக்குள் வைத்து மூடிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் மிகக் குறைவு. சாப்பிடாது, பெருகாது. கொதிக்கிற தண்ணீரிலும் பல வகை பிழைத்துவிடும். அதனால்தான் மருத்துவமனைகளில் கருவிகளை 121 டிகிரி நீராவியில் அழுத்தத்தோடு கால்மணி நேரம் வைக்கிறார்கள். ஈரமும் இரையும் கிடைத்தவுடன் உறையை உடைத்துக்கொண்டு மறுபடி சாதாரண பாக்டீரியாவாகிவிடும். ஃபெர்டினாண்ட் கோன் என்ற ஜெர்மன் அறிஞர் பேசில்லஸ் சப்டிலிஸில் இதை விவரித்தது 1876-ல். அதே ஆண்டில்தான் ராபர்ட் கோக் அடைப்பானுக்குக் காரணமான கிருமியையும் அதன் ஸ்போரையும் காட்டினார்.

ஆக, ஸ்போர் என்பது ஒரு கிருமி காத்திருக்கும் விதம், அவ்வளவுதான். அது நல்லதா கெட்டதா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. எழும்பி வந்தபிறகு எது என்ன செய்கிறது என்பதுதான் கணக்கு. அடைப்பான் கிருமிக்கு நெருங்கிய உறவு என்றால், சோற்றைக் கெடுக்கும் பேசில்லஸ் சீரியஸும் புழுவைக் கொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸும்தான். சப்டிலிஸ் அந்தக் கிளையில் இல்லை. அடைப்பானின் நஞ்சைச் செய்யும் மரபுச் சரக்கு அதனிடம் கிடையாது. வயலில் கிடந்து நாளடைவில் அடைப்பானாக மாறிவிடும் என்ற பேச்சுக்கே இடமில்லை. டெட்டனஸ் கிருமி வேறு குலம், கிளாஸ்ட்ரிடியம். காற்றுப் படாத இடத்தில்தான் அது வளரும்.

இப்போது வயலுக்கு வருவோம். நம் கடலோர மானாவாரிக்கு இந்த வகை பாக்டீரியா மற்றவற்றைவிட ஏன் பொருத்தம் என்பதைத்தான் கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இங்கே வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புழுதியிலேயே விதைக்கிறோம். மழை பத்து நாளில் வரலாம், ஒரு மாதமும் தள்ளலாம். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் நல்ல மருந்துதான், நானும் பரிந்துரைப்பதுண்டு. ஆனால் அதற்கு ஸ்போர் கிடையாது. சுடுகிற புழுதியில் ஈரமில்லாமல் கிடந்தால் பெரும்பகுதி செத்துவிடும், பொட்டலத்திலேயே சில மாதங்களில் வலு குறைந்துவிடும். சப்டிலிஸ் அப்படியில்லை. விதை எப்படி மழைக்குக் காத்துக் கிடக்கிறதோ, அப்படியே விதையின் மேல் ஒட்டிக்கொண்டு அதுவும் காத்துக் கிடக்கும். மழை விழுந்து விதை ஊறும்போது விதையிலிருந்து கசியும் சர்க்கரையும் அமினோ அமிலமும் அதை எழுப்பிவிடும். வேர் நீளும்போது கூடவே படர்ந்து, வேரின் மேல் ஒரு பிசுபிசுப்பான படலமாகப் படிந்துகொள்ளும். அது சுரக்கும் சர்ஃபாக்டின், இட்டூரின், ஃபென்ஜைசின் போன்ற பொருள்கள் பூஞ்சையின் செல் சவ்வை ஓட்டையாக்கும். கன்று சாய்கிற அழுகலுக்கு அது உதவுவது இப்படித்தான்.

விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் பொடி போதும். ஆறிய வடிகஞ்சியைக் கொஞ்சமாகத் தெளித்து விதையைப் புரட்டி, பொடியைத் தூவி, எல்லா விதையிலும் சாம்பல் பூசினாற்போல் பிடிக்கிற வரை கையால் புரட்டுங்கள். கஞ்சி அதிகமானால் விதை கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும், பார்த்துக்கொள்ளுங்கள். நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். மண்ணில் இட ஏக்கருக்கு ஒரு கிலோ பொடியை 20 கிலோ நன்றாக மட்கிய தொழுவுரத்தோடு கலந்து போடலாம். இதை மட்டும் புழுதியில் போடாதீர்கள். முதல் நல்ல மழைக்குப் பிறகு, மண்ணில் ஈரம் இருக்கும்போது, சாயங்காலமாகப் போடுங்கள். எழும்பி வருகிற பாக்டீரியாவுக்கு இரை வேண்டும், அந்த இரை தொழுவுரத்தில்தான் இருக்கிறது. வெறும் மணலில் பொடியைத் தூவிவிட்டு 'மருந்து வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்களே அதிகம்.

தாமிர மருந்தையோ, பாக்டீரியாவைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் வகையையோ இதோடு கலக்கக் கூடாது. ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி விடுங்கள்.

காய் அழுகலுக்கு இதை மட்டும் நம்பவும் வேண்டாம். அந்தப் பூஞ்சை விதையோடு வரும், மழைச்சாரலில் செடிக்குச் செடி தெறிக்கும். வேரில் இருக்கிற பாக்டீரியா அதை முழுக்கத் தடுக்காது. புள்ளி விழாத காயிலிருந்து மட்டும் விதை எடுங்கள், அழுகிய காயைப் பறித்து எரித்துவிடுங்கள்.

சரி, உப்பு. சப்டிலிஸ் 7 சதவீத உப்பிலும் வளரும் தெம்புள்ளது. கடல்நீரே சுமார் 3.5 சதவீதம்தான். அதனால் உவர் மண்ணில் பாக்டீரியா செத்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். தாங்க முடியாமல் தவிப்பது மிளகாய்ச் செடி. மண்ணின் நிறைவுச் சாற்றில் (தண்ணீர் நிறைந்த மண்ணிலிருந்து பிழிந்தெடுக்கும் நீரில்) உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் 4 டெசிசீமன்ஸ்/மீட்டரைத் தாண்டினால்தான் உவர் மண் என்கிறோம். மிளகாய்க்கோ 1.5-ஐத் தாண்டும்போதே மகசூல் இறங்கத் தொடங்கிவிடும். வேர் பலமாக இருந்தால் செடி கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், அதற்கு இந்தப் பாக்டீரியா துணை. உப்பைக் கரைத்து வேருக்குக் கீழே தள்ள மழைத் தண்ணீரால்தான் முடியும். வரப்பை உயர்த்திக் கட்டி முதல் மழைகளை வயலிலேயே தேக்குங்கள், வடிகாலையும் சரிசெய்யுங்கள். ஜிப்சம் போடுவதற்கு முன்னால் மண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் ஜிப்சம், வெறும் உவருக்கு அது வீண் செலவு. ராமநாதபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். 'உப்பை எடுக்கும் பாக்டீரியா' என்று விற்பது ஏமாற்று. கடனை வாங்கி விவசாயம் செய்கிறவர்களிடம் இப்படிச் சொல்லி விற்பதைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். நோய்க்கான மருந்து என்று விற்றால் 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் இருக்க வேண்டும். உயிர் உரம் என்று விற்றால், அதாவது பாஸ்போபாக்டீரியா மாதிரி, பொடியில் கிராமுக்கு 5 கோடி உயிரணுவாவது இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அளவு. தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பில் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

காய்ப்புழு விழுந்தால் துரிஞ்சியென்சிஸ் கைகொடுக்கும். லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்தபிறகு, புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். இலையோடு அதைத் தின்ற புழுவின் காரக் குடலில் நஞ்சு கரைந்து குடலைத் துளைத்துவிடும். நம் வயிறு அமிலம், நமக்கு ஒன்றும் செய்யாது. இலைப்பேனுக்கும் சிலந்திக்கும் இது கேட்காது. இதன் இன்னொரு வகை 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கிடைத்தது. தேங்கிய தண்ணீரில் கொசுப்புழுவைக் கொல்ல இன்று அதைத்தான் ஊற்றுகிறார்கள். இறால் குட்டைக்காரர்கள் அடிச்சகதி மட்க ஊற்றும் 'புரோபயாடிக்'கிலும் பெரும்பாலும் பேசில்லஸ்தான். அது பெருகும்போது ஆக்சிஜனை இழுக்கும் என்பதால் குட்டையின் காற்றாடியை (ஏரேட்டரை) ஓடவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

பொடியைக் கையாளும்போது மூக்கில் துணி கட்டுங்கள், தூசி பறக்காமல் கலக்குங்கள். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். சானிடைசர் ஸ்போரைக் கொல்லாது. புற்றுநோய் சிகிச்சையிலோ வேறு காரணத்தாலோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

இனி அண்ணன் மகன் சொன்ன அந்தச் சரியான பாதி.

ஆடுகளுக்கு மண்ணிலிருந்து வரும் ஆபத்துகளில் அடைப்பான் ஒன்று. அதன் ஸ்போர் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு ஸ்காட்லாந்தின் க்ருயினார்ட் தீவு சாட்சி. 1942-ல் பிரிட்டன் அங்கே அடைப்பான் குண்டைச் சோதித்தது. 1986-ல் கடல்நீரில் ஃபார்மால்டிஹைடு கலந்து தீவை நனைத்தபிறகு, 1990-ல்தான் பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள். நேற்றுவரை மேய்ந்த ஆடு திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் கசிந்தால், அதை அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், கறியைப் பங்கு வைக்காதீர்கள். உடலைத் திறந்தால் கிருமிக்குக் காற்றுப் படும், கோடிக்கணக்கில் ஸ்போராகி அந்த இடத்திலேயே தங்கிவிடும். கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ செய்யுங்கள். அந்த ஆட்டைத் தொட்ட யாருக்காவது வலியில்லாத கொப்புளம் வந்து நடுவில் கறுத்தால், உடனே ஆஸ்பத்திரி. சீக்கிரம் போனால் மருந்தில் குணமாகும்.

ஆடுகளை அதைவிட அடிக்கடி அடிப்பது துள்ளுமாரி. அதுவும் ஸ்போர் கிருமிதான், கிளாஸ்ட்ரிடியம் வகை. மழை பெய்து இளம்புல் தழைத்ததும், வயிறு முட்ட மேய்ந்த கொழுத்த குட்டிதான் முதலில் சாகும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும், விதைப்பு வேலையில் மறந்துவிடாதீர்கள்.

பேரப்பிள்ளையின் காலுக்கு ஆபத்து உங்கள் பொடியால் இல்லை, சீமைக்கருவேல முள்ளால். கிடை போட்ட நிலத்தில் ஆட்டுப் புழுக்கையோடு டெட்டனஸ் ஸ்போரும் கிடக்கும். முள் ஆழமாக ஏறி, மேல்தோல் மூடிக்கொண்டால், உள்ளே காற்றில்லை. அந்தக் கிருமிக்கு வேண்டியது அதுதான். கடலுக்குப் போகிறவர்களுக்குக் கெளிற்று முள்ளும் தூண்டில் குத்தும் இதே கதை. காயத்தில் சாணி, மண், காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். சோப்பும் ஓடுகிற தண்ணீரும் விட்டுக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். பையனுக்கு 5 வயது பூஸ்டர், 10 வயதிலும் 16 வயதிலும் டிடி (Td: டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். மகளுக்குக் கர்ப்ப கால டிடி ஊசி போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். பிறக்கிற பிள்ளையையும் காப்பது அந்த ஊசிதான்.

பிள்ளை பிறந்ததும் பெரியவர்கள் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்க வருவார்கள். தேன் வேண்டாம். தேனில் போட்டுலினம் என்ற கிருமியின் ஸ்போர் இருக்கக்கூடும். பெரியவர்கள் வயிற்றில் அது எழும்பாது, ஒரு வயது நிறையாத பிள்ளையின் குடலில் எழும்பி நஞ்சைச் சுரக்கும், கைகால் துவண்டுவிடும். தாய்ப்பாலே சேனையாக இருக்கட்டும். மகளின் மாமியார் வருத்தப்பட்டால், டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் சோறு. விசேஷ வீட்டில் மதியம் வடித்ததை அண்டாவோடு ராத்திரி வரை வெதுவெதுப்பாக வைத்தால், வேகும்போது சாகாத பேசில்லஸ் சீரியஸின் ஸ்போர் எழும்பி நஞ்சு வைக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு அழியாது. சுடச்சுட வையுங்கள், இல்லையென்றால் அகலமாகப் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டுக் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒன்றரை ஏக்கர் முழுவதுக்குமே பொடி போட்டுவிடாதீர்கள். ஓரத்தில் ஒரே மாதிரி மண்ணுள்ள நாலைந்து வரிசையைப் பொடியில்லாமல் விட்டு, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். முளைத்த பிறகு இரண்டு பக்கமும் சாய்ந்த கன்றுகளை எண்ணுங்கள், பறிப்பின்போது இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அடுத்த வருஷமும் வாங்கலாம், தெரியாவிட்டால் அந்தக் காசைத் தொழுவுரத்துக்குப் போடுங்கள்.