கரவனா, ஹயஸா?

கேள்வி: மெல்பேர்ணில் இருக்கும் தம்பி குடும்பம் பாடசாலை விடுமுறைக்கு வருகிறார்கள். அங்கே கரவனில் போய், காசு கட்டாமல் தெருவோரத் தங்குமிடங்களில் இரவைக் கழித்துப் பழகியவர்கள். "அக்கா, கொழும்பில் உள்ளேயே படுக்கக்கூடிய ஒரு கேம்பர் வான் எடுத்து வன்னி முழுக்கச் சுற்றுவம், படுக்கிறதுக்குச் செலவே இல்லை" என்கிறான். பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் நான்கு பேர். வானை வாடகைக்கு விடுபவர் முற்பணம் கேட்கிறார். அனுப்பலாமா?
— புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: இப்போதைக்கு அனுப்பாதீர்கள் அக்கா. முதலில் இரண்டு நாட்டு நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வழமையாக ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பரில் விடுமுறை. மெல்பேர்ண் பிள்ளைகளுக்கு ஏப்ரல், ஜூன் கடைசி முதல் ஜூலை நடுப்பகுதி, செப்டெம்பர் கடைசி, பிறகு டிசம்பர் கடைசியில் தொடங்கும் நீண்ட லீவு. இரண்டு பக்கமும் பொருந்துவது ஏப்ரலும் டிசம்பரும்தான். டிசம்பர் எங்களுக்கு மாரி. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அந்த மாதத்தில் பிள்ளைகளைக் கூடாரத்தில் படுக்க வைக்க நான் சொல்லமாட்டேன். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய லீவுதான் நல்லது. வெயில் கடுமை, பின்னேரம் ஒரு இடிமழை வரலாம், ஆனால் குளங்களில் தண்ணீர் நிற்கும்.

அடுத்தது வாகனம். கேம்பர் வானில் இரண்டு பேர், மிஞ்சினால் நான்கு பேர் படுக்கலாம். நீங்கள் எட்டுப் பேர். அதோடு அந்த வாடகையில் நீங்கள் கொடுப்பது உள்ளேயிருக்கும் கழிப்பறைக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் சேர்த்துத்தான். அவுஸ்திரேலியாவில் இலவசத் தங்குமிடங்கள் பலவற்றில் சொந்தக் கழிப்பறையும் தொட்டியும் உள்ள வண்டியை மட்டும்தான் விடுவார்கள். ஒரு நாள், இரண்டு நாள் என்று வரம்பும் இருக்கும். தொட்டியை வெறுமையாக்க ஊருக்கு ஊர் இடம் வைத்திருப்பார்கள். ஏ-9 வீதியில் அதை எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள்? குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்ற முடியாது, அது ஊராரின் தண்ணீர். பயன்படாத ஒன்றுக்கு ஏன் காசு? வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ சாரதியோடு ஒரு ஹயஸ் வான் எடுங்கள், இரண்டு மூன்று கூடாரத்தைக் கூரையில் கட்டுங்கள். தம்பி தானே ஓட்ட ஆசைப்பட்டால் அவுஸ்திரேலிய லைசென்ஸ் மட்டும் போதாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும்.

எந்த வண்டியானாலும் முற்பணத்துக்கு முன் காப்புறுதிப் பத்திரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வாகனத்தை வாடகைக்கு விட்டால், விபத்து நடந்தபின் நட்டஈட்டை மறுக்க நிறுவனத்துக்கு இடமுண்டு. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர், மேலதிக கிலோமீற்றருக்கு எவ்வளவு, சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு, பயணம் நின்றால் முற்பணம் திரும்புமா, இவற்றைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

இனி, காசில்லாமல் தங்குவது. அது வன்னியில் முடியாத காரியமல்ல. மடுத் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்க் கூடாரம் அடித்துச் சமைத்துத் தங்குகிற சனம் நாங்கள். ஆனால் அங்கே இடம் கொடுப்பவர் இருக்கிறார். இங்கே வெறும் காணி என்று ஒன்றில்லை. அது கோயிலுடையது, பாடசாலையுடையது, வனவளத் திணைக்களத்துடையது, இல்லாவிட்டால் திரும்பி வரக் காத்திருக்கும் ஒரு குடும்பத்துடையது. கோயில் நிர்வாகத்திடமோ பங்குத் தந்தையிடமோ பொழுது சாய முன்னம் நேரே போய்க் கேளுங்கள். குடும்பமாக வந்து கேட்டால் பெரும்பாலும் கிணற்றையும் காட்டிவிடுவார்கள். கிராம அலுவலருக்கும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். உண்டியலில் ஏதாவது போடுங்கள். விடியக் குப்பையை உங்களோடேயே கொண்டு போங்கள்.

மிதிவெடி விஷயத்தைத் தம்பியின் பிள்ளைகளுக்கு நீங்களே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குச் சிவப்புப் பலகையில் மண்டையோட்டைக் கண்டால் நிற்கத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. வெடி அகற்றிய இடமென்றாலும் சனம் நடக்கும் பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம், விறகுக்கும் வேண்டாம், பந்து எடுக்கவும் வேண்டாம். இரும்பு எதையும் தூக்க வேண்டாம்.

யானைக்கும் இதே கவனம் வேண்டும். முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் குளக்கரை அழகாக இருக்கிறதென்று அங்கேயே கூடாரம் அடிக்காதீர்கள்; இருட்டியதும் அது யானைகள் தண்ணீருக்கு வரும் வழி. லத்தி ஈரமாகக் கிடந்தால், மரத்தில் ஆளுயரத்துக்குச் சேறு உரசியிருந்தால், உடனே வேறிடம் பாருங்கள். அரிசி, உப்பு, வாழைப்பழம் எதையும் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. புடையன் பாம்புக்காக இரவில் டோர்ச் இல்லாமல் யாரும் கால் வைக்கக் கூடாது. அம்புலன்ஸுக்கு 1990.

குடிதண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். சமையலுக்கு 2.3 கிலோ காஸ் சிலிண்டர் போதும். வெயிலில் பூட்டிய வானுக்குள் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரண்டு இரவுக்கு ஒருமுறை மன்னாரிலோ வவுனியாவிலோ காசு கொடுத்து அறை எடுங்கள். கேம்பர் வான் எடுக்காமல் மிச்சம் பிடிக்கும் காசு அதற்குக் காணும்.

கேள்வி: ஒன்லைனில் வாங்கிய 'வாட்டர் புரூப்' கூடாரம் முதல் மழையிலேயே ஒழுகிவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.
— கிளிநொச்சி வாசகர்

பதில்: விளம்பரத்தை அவர்கள் அழிக்க முன்னம் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். ஒழுகும் தையலைத் தண்ணீர் ஊற்றி வீடியோ பிடியுங்கள். கடைக்கு எழுத்தில் ஒரு தடவை கேளுங்கள். சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்துமூலம் முறையிடலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால் தள்ளிப் போடாதீர்கள். தொலைபேசி இலக்கம் 1977. அடுத்த முறை வாங்கும்போது தையலின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அதன்மேல் நாடா ஒட்டியிருக்க வேண்டும். மேலே தனியாக ஒரு விரிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைத் துணிக் கூடாரம் எங்கள் மாரிக்குத் தாங்காது.