இத்தாலி ஒயினா, பிரெஞ்சு ஒயினா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பூர்வீக வீட்டின் இரண்டு அறைகளை வெளிநாட்டு விருந்தினர்களுக்கு விட்டுவருகிறோம். பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் தத்தம் நாட்டு ஒயினே உயர்ந்தது என்கிறார்கள். உண்மையில் எது உயர்ந்தது? பிரெஞ்சு ஒயின்களில் சில ஏன் அவ்வளவு விலை விற்கின்றன?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: நாட்டின் பெயரை வைத்து உயர்வு தாழ்வு சொல்வதற்கில்லை. ஏறத்தாழ ஒரே விலையுள்ள இரண்டு பாட்டில்களைப் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால்தான் குணபேதம் புரியும். இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் நெபியோலோ திராட்சையிலிருந்து எடுக்கப்படும் பரோலோவைக் கிளாஸில் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். நிறம் வெளிறி, ஓரத்தில் செங்கல் சாயல் தெரியும். முகர்ந்தால் ரோஜாவும் தாரும் கலந்தாற்போல ஒரு மணம் வரும். இவ்வளவு மெல்லிய நிறமுள்ள ஒயின் சாதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணி ஒரு மிடறு அருந்தினால், கொட்டைப்பாக்கை மென்றதுபோல ஈறு இறுகிவிடும். குறைந்தது 38 மாதங்கள், அவற்றில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், வைத்திருந்த பிறகே அதை விற்பனைக்கு விட வேண்டும் என்ற விதி இருப்பது இந்தத் துவர்ப்பு அடங்குவதற்காகத்தான். பிரான்சின் போர்தோ ஒயினோ கபர்னே சொவிஞோன், மெர்லோ முதலிய திராட்சைகளைக் கலந்து செய்யப்படுவது. நிறம் அடர்ந்து, தேவதாரு மரமும் பென்சில் சீவலும் நினைவுக்கு வரும் மணத்தோடு, வாயில் உருண்டு திரண்டு நிற்கும்.

விலைக்கு வருவோம். 1855இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காகப் போர்தோ ஒயின்களை ஐந்து தரங்களாகப் பிரித்தபோது, தரகர்கள் முதன்மையாகப் பார்த்தது அவை சந்தையில் அதுவரை விற்றுவந்த விலையைத்தான். விலையால் கிடைத்த தரம் பின்னர் அந்த விலைக்கே காவலாயிற்று. மூத்தோன் ரோத்ஷீல்ட் என்ற தோட்டத்தின் ஒயின் 1973இல் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டதைத் தவிர, அந்தப் பட்டியலில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நிகழவில்லை.

பிரான்சின் மற்றோர் ஒயின் பகுதியான பர்கண்டியின் கதை நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் எளிதாக விளங்கும். பிள்ளைகள் அனைவருக்கும் சொத்தில் பங்கு என்ற நெப்போலியன் காலத்துச் சட்டத்தால் அங்கே திராட்சைத் தோட்டங்கள் தலைமுறைதோறும் துண்டுபட்டன. சுமார் 50 ஹெக்டேர் பரப்புள்ள க்ளோ டி வூஜோ தோட்டத்துக்கு இன்று ஏறத்தாழ 80 உரிமையாளர்கள். பங்காளிகள் பலர் சேர்ந்த பெரிய வீட்டில் கூரையின் ஓர் ஓட்டினை மாற்றுவதற்கே எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் நாம். ஆளுக்குச் சில வரிசைக் கொடிகள், அவற்றிலிருந்து கொஞ்சம் ஒயின், அதைக் கேட்டு உலகெங்கும் ஆட்கள் என்றால் விலை ஏறாமல் என்ன செய்யும்? இத்தாலியிலும் மலிவு மட்டும் இல்லை. டஸ்கனி பகுதியின் சசிக்காயா என்ற ஒயின், அங்குள்ள விதிகளுக்குப் பொருந்தாததால் பல ஆண்டுகள் வெறும் ‘சாப்பாட்டு ஒயின்’ என்ற முத்திரையோடு வந்தபோதும் பெரும் விலைக்கு விற்றது. என் கருத்தில், கொடுக்கும் காசுக்கு நிறைவு தருபவை பெரிய பெயர்களுக்குப் பக்கத்து நிலத்தில் விளைபவை: பரோலோவுக்குப் பதில் லாங்கே நெபியோலோ, போர்தோவின் பெரிய மாளிகைத் தோட்டங்களின் ஒயினுக்குப் பதில் கோத் த போர்தோ.

கேள்வி: விலை கூடினால் சுவையும் கூடுமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஓரளவு வரை கூடும், அதற்குமேல் நாம் கொடுப்பது பெயருக்கும் அரிதாகக் கிடைப்பதற்குமான விலை. இந்தியாவில் இறக்குமதி ஒயினுக்கு நீண்டகாலம் 150 சதவீதச் சுங்க வரி இருந்தது; அதன்மேல் மாநில வரியும் சேர்ந்தது. எனவே நம் கடைகளில் காணும் விலையைச் சுவைக்கு அளவுகோலாகக் கொள்ளவே கூடாது. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 டாலர் என்று கேட்டவர்களுக்கு அது கூடுதலாகப் பிடித்திருந்தது மட்டுமன்றி, மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் கூடுதலாக இயங்கியது. ஆகவே பாட்டில்களைத் துண்டால் சுற்றி, எண்ணிட்டு, ஒரே வகைக் கிளாஸில் ஊற்றிச் சுவையுங்கள். ஊதுபத்தியும் மல்லிகையும் அந்த அறையில் வேண்டாம். அடுப்படியில் தாளிப்பு அடங்கிய பிறகே தொடங்குங்கள்.

கேள்வி: செட்டிநாட்டுச் சமையலுக்கு எது பொருந்தும்?
– வாசகர், காரைக்குடி

பதில்: உப்புக்கறிக்கும் மிளகுக் கோழிக்கும் பரோலோ வேண்டவே வேண்டாம். துவர்ப்பும் மதுவின் சூடும் மிளகாயின் எரிச்சலைக் கிளறிவிடும். ஆல்கஹால் அளவு குறைந்து, இனிப்பு கொண்ட இத்தாலிய மொஸ்காத்தோ தாஸ்தியோ, பிரான்சின் லுவார் பகுதியிலிருந்து வரும் சற்றே இனிப்பான வூவ்ரேயோ அந்தக் காரத்தைத் தணிக்கும். சிவப்புதான் வேண்டும் என்பவர்கள், ‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்று ஐரோப்பியர் சொல்வது 16 முதல் 18 டிகிரியைத்தான் என்பதை மனத்தில் வைத்து, நம் சித்திரை வெயிலில் பாட்டிலை அரைமணி நேரமாவது குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்த பிறகு திறக்க வேண்டும்.