மணலில் மேசை, தராசில் மீன்

(பாலித் தீவின் ஜிம்பரான் கடற்கரைச் சாப்பாடு பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.)

கேள்வி: டிசம்பர் கடைசியில் பாலி போகிறோம். பேக்கேஜில் 'ஜிம்பரான் கேண்டில்லைட் டின்னர்' என்று தனிக் காசு கேட்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகி, திருப்பூர்

பதில்: கொடுக்கலாம், ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். அதில் பாதிக் காசு மீனுக்கு இல்லை, மணலுக்கும் சூரியனுக்கும்தான். ஜிம்பரான் விரிகுடா மேற்குப் பார்த்தது. சென்னை, பாண்டிச்சேரிக்காரர்களுக்குக் கடலில் உதயம்தான் பழக்கம், இங்கே அஸ்தமனம், அதுவும் அலை வந்து நனைக்கிற தூரத்தில் மேசை போட்டு. டிசம்பரில் சூரியன் ஆறரை மணி வாக்கில் இறங்கும், அதனால் ஐந்தரைக்கே போய் முன்வரிசை மேசையைப் பிடித்துவிடுங்கள், ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மீன் முள் பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒரு சங்கடம், டிசம்பர் அங்கே மழைக்காலம். போதாததற்கு மேற்குக் காற்று கடலில் கிடக்கிற பிளாஸ்டிக் குப்பையை எல்லாம் இந்தப் பக்கத்துக் கரைகளில் கொண்டுவந்து தள்ளும். தினமும் அள்ளுகிறார்கள், தினமும் வருகிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. டிக்கெட் போட்டாயிற்று என்றால், மழை வந்தால் கூரைக்குக் கீழே இடம் உண்டா என்று மட்டும் இப்போதே கேட்டு வையுங்கள்.

கேள்வி: நாலு பேர் சாப்பிட்டோம், மெனுவில் பார்த்த விலைக்கும் பில்லுக்கும் சம்பந்தமே இல்லை. ஏமாந்துவிட்டோமா? – வாசகர், மதுரை

பதில்: ஏமாந்தும் இருக்கலாம், கணக்கு புரியாமலும் இருக்கலாம். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் 'ஒன்ஸ்' என்று இருந்ததா? அது அவுன்ஸ் இல்லை, இந்தோனேசியாவில் ஒரு ஒன்ஸ் என்றால் 100 கிராம். ஒன்றரைக் கிலோ மீன் என்றால் அந்த விலையைப் பதினைந்தால் பெருக்க வேண்டும். அப்புறம் '85' என்றோ '85 கே' என்றோ போட்டிருந்தால் அது 85,000 ரூபியா. ஒரு லட்சம் ரூபியா நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்குமே, அதுதான் கடைசி அடி: ஒன்று சர்வீஸ் சார்ஜ், இன்னொன்று 10 சதவீத வரி. சர்வீஸும் பத்து என்றால், வரி அதன் மேலும் ஏறி மொத்தம் 21 சதவீதம். பத்து லட்சத்துக்குச் சாப்பிட்டால் பன்னிரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.

தராசு விஷயம் தனி. நான் போனபோது ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) சங்கரா மீனை ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டோடு தூக்கித் தராசில் வைத்தார் ஒருவர். மீனை எடுத்துவிட்டு வெறும் தட்டை வையுங்கள் என்று சைகை காட்டினேன், முள் 300 கிராமில் நின்றது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், மறுபடி நிறுத்தார். மீனை நீங்களே பொறுக்குங்கள், கண் முன்னால் நிறுக்கச் சொல்லுங்கள், எடையையும் மொத்தத் தொகையையும் அடுப்புக்குப் போகுமுன் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். சுட்ட பிறகு பேரம் கிடையாது.

பக்கத்திலேயே கெடொங்கானான் மீன் சந்தை இருக்கிறது. அங்கே மீன் வாங்கி, வெளியே இருக்கிற சின்னக் கடைகளில் கொடுத்தால் கூலிக்குச் சுட்டுத் தருவார்கள். மேசைவிரிப்பு இருக்காது, ஆனால் அதே தேங்காய் மட்டை நெருப்பு, பிளந்த மீனைக் கம்பி வலையில் இறுக்கி மசாலா தடவித் தடவித் திருப்புகிற அதே கைப்பக்குவம். ஓரா மீன் கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: மாமியார் சுத்த சைவம். ஜிம்பரானில் அவருக்கு என்ன கிடைக்கும்? – வாசகி, கும்பகோணம்

பதில்: போன கேள்வியில் தராசு, இதில் தெராசி. புளிக்க வைத்த இறால் விழுது அது. சம்பல் (அந்த ஊர் மிளகாய்த் துவையல்) என்று எது வந்தாலும் அதில் இருக்கும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயமும் எலுமிச்சைப் புல்லும் பச்சையாக நறுக்கிப் போட்ட சம்பல் மத்தா பார்க்க நம் வெங்காயப் பச்சடி மாதிரியே இருக்கும், அதிலும் பெரும்பாலும் உண்டு. காங்குங் கீரை, காய்கறி மேல் நிலக்கடலைச் சாறு ஊற்றிய காடோ-காடோ எல்லாவற்றிலும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். 'தன்பா தெராசி' என்றால் தெராசி இல்லாமல் என்று அர்த்தம். பொரித்த டெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி), வெள்ளைச் சோறு, பழம், இளநீர் பரவாயில்லை, ஆனால் டெம்பே பொரித்த எண்ணெயில் முன்னால் என்ன பொரிந்தது என்று யார் கண்டது? என்னைக் கேட்டால் அவருக்குக் கடற்கரையில் இளநீர், சாப்பாடு பக்கத்து ஊரான குட்டாவில் ஏதாவது இந்திய ஓட்டலில். சண்டை வராது.

கேள்வி: அங்கே அராக் காக்டெயில் மலிவு என்கிறார்களே, குடிக்கலாமா? – வாசகர், சேலம்

பதில்: அராக் என்பது கள்ளைக் காய்ச்சி இறக்குகிற சாராயம், அந்த ஊரின் பழைய சரக்கு. 2020-ல் ஆளுநர் ஆணை ஒன்று அதை ஒழுங்குபடுத்தி, முறைப்படி விற்க வழி செய்தது. சீல் வைத்த பாட்டிலில் வருவது வேறு, லேபிள் இல்லாத கேனிலிருந்து ஜக்கில் கலந்து வருவது வேறு. 2009-ல் பாலியிலும் லொம்போக்கிலும் மெத்தனால் கலந்த அராக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024-ல் கள்ளக்குறிச்சியில் உயிரெடுத்ததும் அதே மெத்தனால்தான். வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. மறுநாள் பார்வை மங்கினால் ஹேங்ஓவர் என்று படுத்துவிடாமல் நேரே ஆஸ்பத்திரி. பீர் போதும் சார், மூடியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓட்டல் வாசல் மணலில் ஓலைத் தட்டில் பூ வைத்திருந்தார்கள். என் பையன் தெரியாமல் மிதித்துவிட்டான், எல்லோரும் பார்த்தார்கள். தப்பா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: அது 'சனாங் சாரி', தினமும் வைக்கிற படையல். தென்னங்குருத்தில் உள்ளங்கையளவு தட்டு, பூ, ஊதுபத்தி, சில நாள் ஒரு பிஸ்கட் கூட இருக்கும். ஊதுபத்தி புகைந்துகொண்டிருக்கும்போது தாண்டக் கூடாது, சுற்றிப் போக வேண்டும். புகை அடங்கிய பிறகு நாயே வந்து பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போகும், யாரும் விரட்டுவதில்லை. பையனைத் திட்டாதீர்கள்.