கறுப்பெலிக்கு 8 கிரே, நமக்கு?

கேள்வி: கதிர்வீச்சுச் சோதனையில் சுண்டெலி தாங்கும் அளவை மனிதரும் தாங்குவாரா? – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மாட்டார். உடல் முழுக்க ஒரே தடவையில் பட்டால், சி57பிஎல்/6 எனும் ஆய்வகச் சுண்டெலி வகையான கறுப்பெலிகளில் பாதி, சுமார் 8 கிரேயில் (கிரே என்பது உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு) 30 நாளுக்குள் சாகும். சிகிச்சை இல்லாத மனிதரில் பாதிப்பேர் சாகச் சுமார் 4 கிரே போதும். ஆனால் அவர்களுக்குக் கணக்கு 30 அல்ல, 60 நாள். வெள்ளை பால்ப்/சி எலி இன்னும் நோஞ்சான். அறுந்த டிஎன்ஏவை ஒட்டும் புரதம் அதில் குறைவு. எலியின் வகையைச் சொல்லாத முடிவை நம்பவே வேண்டாம்.

சோதனை தண்ணீர்ப் புட்டியாலும் கெடும். எலும்பு மஜ்ஜை அழிந்து வெள்ளணு சரிந்த எலியை, புட்டி நீரிலுள்ள சூடோமோனாஸ் கிருமி முந்திக்கொண்டு கொன்றுவிடும். பழி கதிர்வீச்சின்மேல் விழும். அதனால் நீரை அமிலமாக்கி, அதன் பிஎச் அளவை 2.5–3 வரை இறக்குவார்கள். எலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்து ஒன்றையொன்று மறைத்தாலும் கதிர்வீச்சு அளவு பிசகும். தடுப்பு வைத்த பெட்டி அவசியம்.