முட்டை ஓட்டை உடைக்கும் முன் சவ்வைப் பாருங்கள்

ஓட்டில் துளை விழுந்து 30 மணி நேரமாகியும் வாத்துக் குஞ்சு வெளியே வரவில்லை, உள்ளிருந்து கத்துகிறது, உடைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதே உடைக்காதீர்கள். முதல் துளைக்குப் பிறகு 24 முதல் 48 மணி நேரம்வரை ஆவது வாத்துக்கு இயல்பு. அது சும்மா கிடப்பதுபோலத் தெரியும் நேரத்தில்தான் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஓட்டுக்கு உள்ளே குஞ்சைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்விலுள்ள ரத்தமும் உடலுக்குள் திரும்புகிறது. அவசரப்பட்டுக் கிழித்தால் ரத்தம் கொட்டிக் குஞ்சு இறந்துவிடலாம். கத்துவது நல்ல அறிகுறி, பயப்படாதீர்கள்.

இன்குபேட்டரின் (முட்டை பொரிக்கும் பெட்டியின்) ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்கு மேல் வையுங்கள். மூடியை அடிக்கடி திறக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரம் போய், சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் இறுகிவிடும்.

48 மணி நேரம் தாண்டியும் துளை பெரிதாகவில்லை, சவ்வும் காகிதம்போல வெளுத்துக் காய்ந்திருக்கிறது என்றால் உதவலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்குங்கள். மூக்குத் துளையில் நீர் படவே கூடாது. ஈரமானதும் சிவப்பு ரத்த நாளங்கள் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். தெரியாவிட்டால், முட்டையின் அகன்ற முனையில் காற்றறையை (உள்ளே காற்று நிறைந்த இடத்தை)ச் சுற்றியுள்ள ஓட்டை மட்டும் சிறிது சிறிதாக எடுங்கள். துளி ரத்தம் வந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். தலை விடுபட்டதும் மீதி ஓட்டிலிருந்து குஞ்சு தானே உதைத்து வெளிவரட்டும். தொப்புளில் ஒட்டியிருப்பதை இழுக்க வேண்டாம்.

சவ்வு இப்போது என்ன நிறத்தில் இருக்கிறது? உடனே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.