வாசகர் கேள்வி-பதில்: டிஜிட்டல் பாடத்துக்கு எந்தப் புத்தகம்?

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய்: என் மகள் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்தவள். இசிஇ இரண்டாம் ஆண்டு போகிறாள். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸுக்குத் தடிமனான ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். சீனியர் பிள்ளைகளோ கொஸ்டின் பேங்க் இருந்தால் பாஸ் ஆகிவிடலாம் என்கிறார்களாம். எதை வாங்கித் தருவது மேடம்?

அம்மா, புத்தகத்தையே வாங்குங்கள். கொஸ்டின் பேங்க் பரீட்சைக்கு முந்தின வாரம் புரட்டிப் பார்க்க உதவும், பாடம் அதில் இருக்காது. காட்பாடிப் பக்கம் பாலிடெக்னிக் லேபில் வைவா எடுக்கும்போது பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது கே-மேப்தான், அதாவது லாஜிக் சமன்பாட்டைச் சுருக்கப் போடும் கட்டப் படம். கட்டம் அழகாகப் போடுவார்கள். மேலே 00, 01, 11, 10 என்று எழுதுவார்கள். "01-க்கு அப்புறம் 10 வராமல் ஏன்பா 11 வந்தது?" என்றால் பேச்சே வராது. அடுத்தடுத்த கட்டங்களுக்குள் ஒரே ஒரு பிட்தான் மாற வேண்டும், அப்போதுதான் இரண்டையும் சேர்த்து வளையம் போட்டு அந்த பிட்டைத் தூக்க முடியும். இந்த ஒரு விஷயம் பிடிபடாமல் மனப்பாடம் செய்தவர்கள் பிறகு கவுன்டர் (எண்ணும் சர்க்யூட்) டிசைனில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அரியர் விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஆகவே கடையில் நின்றபடியே உங்கள் மகளைக் கே-மேப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த வரிசை ஏன் என்று சொல்லியிருந்தால் நம்பி வாங்கலாம். படத்தை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்திருந்தால் வைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் மோரிஸ் மானோவின் 'டிஜிட்டல் டிசைன்' வாங்குங்கள். 1984-இல் முதலில் வந்தது, இன்றும் படிக்கிறார்கள். எளிய ஆங்கிலம்தான், அத்தியாய முடிவில் கணக்குகள் நிறைய. அந்தக் கணக்குகளைப் பென்சிலால் போடாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போகவே கூடாது.

கூடவே ஒரு பிரெட்போர்டும் (சால்டர் செய்யாமல் வயர்களைச் சொருகிச் சர்க்யூட் போடும் பலகை) 74எச்சி00 என்ற ஐசியும் வாங்கிக் கொடுங்கள், பெரிய செலவில்லை. பதினான்கு கால், 14-ஆவது காலுக்கு 5 வோல்ட், 7-ஆவது காலுக்கு கிரவுண்ட். பழைய மொபைல் சார்ஜரில் வருவதும் அதே 5 வோல்ட்தான். 9 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்தால் ஐசி போய்விடும். உள்ளே நான்கு நேண்ட் கேட்கள், இரண்டு இன்புட்டும் 1 ஆக இருந்தால் மட்டும் 0 கொடுப்பவை. முதல் கேட்டுக்கு ஏ, பி என்ற இரண்டு இன்புட்டையும் கொடுக்க வேண்டும். அதன் அவுட்புட்டை இரண்டாவதற்கு ஏ-யோடும், மூன்றாவதற்கு பி-யோடும் சேர்த்து, அந்த இரண்டின் அவுட்புட்டையும் நான்காவதில் கொண்டுபோய் விட்டால் எக்ஸார் கேட் ரெடி, ஏ-யும் பி-யும் வேறாக இருந்தால் மட்டும் 1 கொடுக்கும். அவுட்புட்டில் 330 ஓம் ரெசிஸ்டர் போட்டு ஒரு எல்இடி. உங்கள் வீட்டு மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் இருக்குமே, எதைத் தட்டினாலும் நிலை மாறும். இதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஏ, பி வயர்களை மட்டும் அந்தரத்தில் விடக்கூடாது. 5 வோல்ட்டிலோ கிரவுண்டிலோ சொருகியே இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்இடி இஷ்டத்துக்கு ஆடும். இதைத் தன் கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு ட்ரூத் டேபிள் (எந்த இன்புட்டுக்கு என்ன அவுட்புட் என்ற அட்டவணை) மறக்கவே மறக்காது.

ராணிப்பேட்டை மாணவர்: பழைய புத்தகக் கடையில் இரண்டு மூன்று எடிஷன் முந்தியது பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

தாராளமாக வாங்குப்பா. ஜார்ஜ் பூல் தன் தர்க்கக் கணிதத்தை விரிவாக எழுதியது 1854-இல். ஷானன் அதை ரிலே சுவிட்சுகளுக்குப் பொருத்திக் காட்டியது 1937-இல். கார்னோ கே-மேப் கொடுத்தது 1953-இல். இவை எதுவும் எடிஷனுக்கு எடிஷன் மாறுவதில்லை. வெரிலாக் (சர்க்யூட்டை எழுத்தில் விவரிக்கும் கணினி மொழி) பகுதிக்கு மட்டும் லைப்ரரியில் புதிய பதிப்பைப் பார்த்துக்கொள். பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு. முன்னால் வைத்திருந்தவர் ஓரத்தில் விடை எழுதியிருந்தால் ரப்பரால் அழித்துவிட்டு நீயே போடு.

ஆரணி மாணவி: தமிழில் யோசித்தால் இன்ஜினியரிங் வராது என்று வகுப்பிலேயே சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

அப்படிச் சொல்வது தப்பும்மா, எனக்குக் கோபமே வருகிறது. அண்ணா பல்கலைக்கழகமே 2010-இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டிலும் தமிழ்வழி வகுப்பு தொடங்கியது. கேட், ஃப்ளிப்-ஃப்ளாப், கிளாக் என்ற பெயர்களை அப்படியே வைத்துக்கொள், அது ஏன் அப்படி வேலை செய்கிறது என்பதைத் தமிழில் யோசி. ஒரு பாராவைப் படித்ததும் நோட்டில் இரண்டே வரி, உன் அம்மாவுக்குச் சொல்வதுபோல எழுது: "கிளாக் தட்டும் நேரத்தில் டி-யில் என்ன இருக்கிறதோ அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த தட்டு வரும்வரை விடாது." ஒரு பிட்டை நினைவில் வைக்கும் டி ஃப்ளிப்-ஃப்ளாப் அவ்வளவுதான்; டி அதன் இன்புட், கிளாக் சீராகத் துடிக்கும் சிக்னல். எழுத வரவில்லை என்றால் அந்தப் பாராவை மறுபடி படி. பரீட்சையில் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பதால், யூனிட் முடிந்ததும் அதே இரண்டு வரிகளை ஆங்கிலத்தில் எழுதிப் பழகு. இலக்கணம் முன்னே பின்னே இருந்தாலும் சிக்னல் எப்போது மாறுகிறது என்று காட்டும் டைமிங் டயகிராம் சரியாகப் போட்டிருந்தால் மார்க் விழும்.